பெட்டிக்குள் அடங்காத வாய்க்கால்

டோக்கியோவில் மெகுரோ ரயில் நிலையத்திலிருந்து கால்மணி நேரம் நடந்தால், அகலமான சாலையோரத்தில், அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டடம் நிற்கிறது. ஒட்டுண்ணிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம். சடோரு கமேகாய் என்ற மருத்துவர் 1953இல் கைக்காசைப் போட்டு ஆரம்பித்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் வருகிறவர்களில் பாதிப் பேர் காதலர்கள். சினிமாவும் காபிக்கடையும் அலுத்துப்போய்ப் புழு பார்க்க வந்த ஜோடிகள். எந்த ஊரானாலும் காதலர்களின் ரசனையைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது.

மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நாடாப்புழு ஒன்றை மேலும் கீழுமாக மடித்து வைத்திருக்கிறார்கள். 8.8 மீட்டர். ஆற்றுமீனைப் பச்சையாகச் சாப்பிட்ட ஒருவரின் வயிற்றில் வளர்ந்தது. எண்ணைப் படித்தால் மண்டையில் ஏறாது என்று யாரோ யோசித்து, அதே நீளத்துக்கு ஒரு வெள்ளை நாடாவையும் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கலாம், இழுத்துப் பார்க்கலாம். ஒரு பெண் அதன் முனையைத் தன் வயிற்றில் வைத்துக்கொள்கிறாள். பையன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறான். நடக்கிறான், நடக்கிறான், சுவரில் போய் முட்டுகிறான். நாடா இன்னும் தரையில் கிடக்கிறது. அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது.

அந்தக் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, உருண்டைப் புழுக்கள் மிதக்கும் ஜாடியின் முன்னால் ஒரு குடும்பம். எண்பதை நெருங்கும் தாத்தா, நாற்பதுகளில் மகன், ஒன்பது பத்து வயதில் பேத்தி. தாத்தாவுக்கு 8.8 மீட்டர் அதிசயத்தில் அக்கறை இல்லை. அவர் பார்ப்பது ஜாடியைத்தான்.

“இது யாருக்குள்ள இருந்தது, தாத்தா?”

“உன் வயசுல எனக்குள்ளயே இருந்ததே.”

பேத்தி ஜாடியை விட்டுவிட்டுத் தாத்தாவைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டது. மகன் வாய்விட்டுச் சிரித்தார்.

தாத்தா தீப்பெட்டியைப் பற்றிச் சொன்னார். பள்ளியில் சேர்ந்த புதிதில், டீச்சர் சொன்ன நாளில் காலையில் தீப்பெட்டிக்குள் மலம் வைத்து, காகிதம் சுற்றி, பேர் எழுதி எடுத்துப் போகவேண்டும். மேஜைமேல் வரிசையாகத் தீப்பெட்டிகள். பிறகு ஒருநாள் பெரிய அண்டாவில் செங்கடற்பாசியைக் காய்ச்சிய கஷாயம் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். சில பள்ளிகளில் சான்டோனின். அதைச் சாப்பிட்டால் கண்ணுக்கு உலகமே மஞ்சளாகத் தெரியும். மறுநாள் யாருக்கு எத்தனை வெளியே வந்தது என்று வகுப்பில் கைதூக்கிச் சொன்னதாகத் தாத்தா சொன்னபோது, அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. எண்ணிக்கையில் அவர் முன்னணியில் இருந்திருக்கவேண்டும்.

மகனுக்குத் தீப்பெட்டி தெரியாது. அவருக்கு ஒட்டுத்தாள்தான். காலையில் எழுந்ததும், கழிப்பறைக்குப் போகும் முன்பே, பின்பக்கத்தில் ஒட்டி எடுத்துப் பள்ளியில் கொடுக்கும் நீல வட்டம் போட்ட தாள். கீரிப்பூச்சி முட்டைக்கான பரிசோதனை. எப்படி ஒட்டுவது என்று காட்ட உறைமேல் ஒரு குண்டுக் குழந்தையின் படம் இருக்கும். பேத்திக்கு இரண்டுமே தெரியாது. பள்ளிகளில் அந்தப் பரிசோதனையைக் கட்டாயப் பட்டியலிலிருந்து 2016இல் எடுத்துவிட்டார்கள். கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை.

போர் முடிந்த ஜப்பானில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் குடலில் உருண்டைப் புழு இருந்தது. மனித மலமே உரம். அதைப் போட்டு வளர்த்த முள்ளங்கியும் கீரையுமே உணவு. அரசாங்கத்திடம் காசில்லை. அப்போது தனியார் சங்கங்கள் பல கிளம்பின. ஒரு பரிசோதனைக்கு இவ்வளவு என்று சில்லறைக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பள்ளிபள்ளியாக, தொழிற்சாலை தொழிற்சாலையாக மலம் சோதித்தார்கள். சோஜிரோ குனீ என்பவர் அதில் முக்கியமானவர். நல்ல காரியத்தைக் கணக்கு வழக்கோடு நடத்தத் தெரிந்த மனிதர். 1955இல் சங்கங்கள் தேசிய அமைப்பாகின. 1958இல் பள்ளி சுகாதாரச் சட்டம் மலப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஊர் ஊராகக் கழிவுநீர்க் குழாயும் ரசாயன உரமும் வந்து சேர, ஒரு தலைமுறைக்குள் உருண்டைப் புழு ஜாடிக்குள் போய்விட்டது.

இது எளிதான பாதி. மாத்திரை கொடுத்து, சோதித்து, மறுபடி கொடுத்து ஜெயித்த பாதி. இன்னொரு பாதியைப் பார்க்க ரயில் ஏறவேண்டும்.

ஷின்ஜுகுவில் விரைவு வண்டி பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் கோஃபு. மலையைக் குடைந்த சுரங்கங்களைத் தாண்டியதும் வண்டி சட்டென்று ஒரு பெரிய பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. சரிவு முழுக்கத் திராட்சைப் பந்தல், அடுத்து பீச் தோட்டம். தெற்கே மலைகளுக்குப் பின்னாலிருந்து ஃபுஜியின் தலை மட்டும் தெரிகிறது. கோஃபு இருக்கும் யமனாஷி மாநிலத்தின் பழங்கள் ஜப்பான் முழுக்கப் பேர்பெற்றவை. இந்தப் பள்ளத்தாக்கில் ஒருகாலத்தில் எங்கு பார்த்தாலும் நெல் வயல்தான் என்பதை ரயிலில் யாரும் சொல்வதில்லை.

வயலில் இறங்கியவர்களுக்குக் காலில் அரிப்பு வரும், பிறகு காய்ச்சல், சீதபேதி. வருடங்கள் போக, கை கால் குச்சியாகி வயிறு மட்டும் ஊதும். நம்மூர் வைத்தியர்கள் மகோதரம் என்பார்களே, அந்த வயிறு. பிள்ளைகளுக்கு வந்தால் வளர்த்தி நின்றுபோகும். சில ஊர்களுக்குப் பெண் கொடுப்பது பெண்ணைக் கொல்வதற்குச் சமம் என்று நாட்டுப்பாட்டே இருந்தது. 1881இல் கசுகாய் என்ற கிராமத்தார் மாநில ஆளுநருக்கு மனுப் போட்டார்கள்: இது என்ன நோய், கண்டுபிடித்துச் சொல்லுங்கள். பதில் முழுசாக வந்து சேர 115 வருடம் ஆனது. 1996இல் யமனாஷி, நோய் முடிந்தது என்று அறிவித்தது.

கோஃபுவுக்குப் பக்கத்தில் ஷோவா என்ற சிற்றூரில், இந்த நோயோடு மல்லுக்கட்டிய சுகியுரா என்ற மருத்துவக் குடும்பத்தின் பழைய ஆஸ்பத்திரியை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மரத்தரை, நோயாளிகள் உட்கார்ந்த பெஞ்சு, மருந்துப் புட்டிகள், பித்தளை நுண்ணோக்கி. நான் போன நாளில் வெளிநாட்டுக் குழு ஒன்று வந்திருந்தது. பிலிப்பைன்ஸ், லாவோஸ், கானா, தான்சானியா என்று பலதேசச் சுகாதாரத் துறைக்காரர்கள், ஏதோ பயிற்சிக்கு வந்தவர்கள். விளக்கிச் சொன்னவர் உள்ளூர்க் கிழவர் ஒருவர். தோட்டக்காரத் தொப்பி, வேலை செய்து காய்த்த கை. அவர் ஜப்பானியத்தில் சொல்ல, ஓர் இளம்பெண் ஆங்கிலத்தில் மாற்றினாள். நான் பின்வரிசையில் நின்றுகொண்டேன். எனக்கு அங்கே வேலை இல்லை, கேட்பதைத் தவிர.

கிழவர் நாகாவிலிருந்து ஆரம்பித்தார். சுகியாமா நாகா, விவசாயக் குடும்பத்துப் பெண், ஐம்பதைத் தாண்டியவள். 1897இல் வயிறு ஊதிக் கிடந்தவள், தான் செத்தபிறகு உடலை அறுத்துப் பார்த்து இந்த நோயின் மூலத்தைக் கண்டுபிடியுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். செத்தவர் உடம்பில் கத்தி வைப்பதை நினைத்துப் பார்க்கவே ஊர் கூசிய காலம். வீட்டார் தயங்கினாலும் அவள் விடவில்லை. கோயில் வளாகத்தில் வைத்து மருத்துவர்கள் அறுத்தார்கள். கல்லீரலில் சின்னச் சின்ன முட்டைகள் அடைத்துக் கிடந்தன. எந்தப் புழுவின் முட்டை என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு நன்றி சொல்லி நட்ட கல் அந்தக் கோயிலில் இன்றும் இருக்கிறது. கிழவர் அவள் பேரைச் சொன்னபோதெல்லாம் ‘நாகா அம்மா’ என்ற மரியாதையோடுதான் சொன்னார். அதற்கப்புறம் வந்த பேராசிரியர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. வெறும் பேர்தான்.

1904இல் ஃபுஜிரோ கட்சுரடா அந்தப் புழுவைக் கண்டார். மனிதரில் இல்லை, பூனையில். உள்ளூர் மருத்துவர் மிகாமி வளர்த்த பூனை; பேர் ஹிமே, அதாவது இளவரசி. ரத்தக் குழாய்க்குள் குடியிருக்கும் புழு அது. ஆனால் உடம்புக்குள் எப்படிப் போகிறது? தண்ணீரைக் குடிப்பதாலா, தண்ணீரில் நிற்பதாலா? இரண்டு கட்சி. 1909இல் மாடுகளை வைத்துத் தீர்த்தார்கள். சில மாடுகளுக்குத் தண்ணீர் குடிக்க முடியாதபடி வாயைக் கட்டி, காலை நனையவிட்டார்கள். சில மாடுகளின் காலை நீர் புகாதபடி சுற்றி, வாயை விட்டுவிட்டார்கள். வாய் கட்டிய மாட்டுக்கு நோய் வந்தது, கால் சுற்றியதற்கு வரவில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்த பலருக்கு அது நல்ல செய்தியாக இருந்திருக்காது. காய்ச்சிக் குடிப்பது சுலபம். நெல் விவசாயி வயலில் கால் வைக்காமல் இருப்பது எப்படி?

1913இல் கெய்னொசுகே மியாயிரி என்ற க்யூஷுப் பேராசிரியர் நடுவில் இருந்த கண்ணியைப் பிடித்தார். ஒரு நத்தை. நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. பழுப்பு நிறம், கூம்பு முனை. நோயாளியின் மலத்திலிருந்து தண்ணீரில் பொரிந்த குஞ்சு, இந்த நத்தைக்குள் போய்ப் பெருகி, வால் பிளந்த இன்னொரு வடிவத்தில் வெளியே வந்து, வயலில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இந்த நத்தை இல்லையென்றால் நோய் இல்லை. கண்ணாடிக் குடுவையில் காய்ந்த ஓடுகள் சில இருந்தன. குழுவில் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். பிலிப்பைன்ஸ்காரர் மட்டும் குனியவில்லை. “தெரியும்” என்றார். அவர் லெய்ட்டே தீவுக்காரர்.

சாப்பிடும் குச்சியால் நத்தை பிடித்த கதையைச் சொல்லும்போது கிழவர் நடித்தே காட்டினார். ஊர் மொத்தமும், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, வாய்க்கால் ஓரம் குந்தி உட்கார்ந்து, இரண்டு குச்சிகளால் ஒவ்வொன்றாக எடுத்துப் புட்டியில் போட்டார்கள். அளந்து கூலி கொடுத்தார்கள். கோடிக்கணக்கில் பிடித்தும் நத்தை குறையவில்லை. சுண்ணாம்பு தூவினார்கள். கரையை நெருப்பால் பொசுக்கினார்கள். போருக்குப் பின் ரசாயனம் தெளித்தார்கள். அதில் நத்தையும் செத்தது, மீனும் செத்தது. நோயாளிகளுக்கு 1920களிலிருந்து ஸ்டிப்னால் ஊசி. ஆன்டிமனி கலந்த மருந்து. நரம்பில் ஏற்றினால் வாந்தி, இருமல், நெஞ்சு படபடப்பு. அதைப் பல தடவை போட்டுக்கொள்ளவேண்டும். பாதியில் ஓடிவிட்டவர்கள் உண்டு. ஊசி போட்டுப் பிழைத்து, மறுபடி அதே வயலில் இறங்கி மறுபடி வாங்கிக்கொண்டவர்கள் அதைவிட அதிகம்.

கடைசியில் வேலை செய்தது சிமென்ட். நத்தைக்குச் சேறு வேண்டும், புல் வேண்டும், நிதானமாக ஓடும் தண்ணீர் வேண்டும். வாய்க்காலை நேராக்கி, மூன்று பக்கமும் கான்கிரீட் போட்டால் தண்ணீர் வேகமாக ஓடும். நத்தைக்குப் பிடிமானம் இல்லை. 1950களின் பிற்பாதியிலிருந்து பள்ளத்தாக்கு முழுக்க வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் 2,000 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து டில்லிவரை ரயிலில் போகிற தூரத்துக்கு ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காலத்தில் வயலில் மாட்டுக்கும் குதிரைக்கும் பதிலாக டிராக்டர் வந்தது, மல உரம் போய் மூட்டை உரம் வந்தது, நெல்லைவிடப் பழத்துக்கு நல்ல விலை கிடைத்ததால் வயல் தோட்டமானது. இதில் எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நல்ல மாத்திரையான பிராசிகுவான்டெல் 1970களில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் கோஃபுவில் குணப்படுத்த ஆள் கிட்டத்தட்ட இல்லை.

லெய்ட்டேக்காரர் கையைத் தூக்கினார்.

“ஒரு மீட்டருக்கு எவ்வளவு ஆச்சு?”

மொழிபெயர்த்த பெண் கிழவரைப் பார்த்தாள். கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தனக்குத் தெரியாது என்றும், மத்திய அரசும் மாநிலமும் கொடுத்த பணம் என்றும், அதற்காகச் சட்டத்தையே திருத்தினார்கள் என்றும் சொன்னார். பிறகு, “நாடு அப்போ நல்லா சம்பாதிச்சிட்டிருந்த நேரம்” என்று சேர்த்துக்கொண்டார். லெய்ட்டேக்காரர் தலையாட்டினார். நோட்டில் எதுவும் எழுதவில்லை.

1944 அக்டோபரில் அமெரிக்கப் படை கரையிறங்கியது அந்த லெய்ட்டேயில்தான். ஆற்றைக் கடந்த சிப்பாய்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் தொற்றியது. ஜப்பானைத் தோற்கடித்துவிட்டு வந்த அமெரிக்க மருத்துவர்கள், கோஃபு மருத்துவர்களிடம் வந்து உட்கார்ந்து இந்த நோயைப் படித்தார்கள். அப்புறம் ஜப்பானியர்களே லெய்ட்டேக்குப் போனார்கள், மருந்தோடும் நுண்ணோக்கியோடும். கோஃபு மருத்துவர் ஒருவர் வருடக்கணக்கில் சொந்தமாகப் பணம் திரட்டிப் போய்வந்தார். கல்லீரல் வீக்கம் குறைந்தது, சாவு குறைந்தது. ஆனாலும் பிலிப்பைன்ஸில் சுமார் 1.2 கோடிப் பேர் இன்றும் நோய் உள்ள வட்டாரங்களில்தான் வாழ்கிறார்கள். அங்கே நத்தை இருப்பது நேராக்கிவிடக்கூடிய வாய்க்காலில் மட்டும் இல்லை. சதுப்பில், ஓடைக்கரையில், வனத்தின் ஓரத்தில் இருக்கிறது. வருடம் முழுக்க மழை. புயல் வந்தால் வெள்ளம் நத்தையைப் புது இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. வயலில் எருமை நிற்கிறது. எருமைக்கும் இந்தப் புழு உண்டு. அங்கே ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை கொடுக்கிறார்கள். ஆள் குணமாகிறார். தண்ணீர் அப்படியே இருக்கிறது.

ஒரு நாடு தன் வெற்றியை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, பெட்டியில் அடங்குவதைத்தான் அனுப்ப முடிகிறது. ஜப்பான் இதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. அடங்கியதையெல்லாம் அனுப்பியது.

செலோபேனையே எடுத்துக்கொள்ளலாம். 1954இல் கட்சுயா கட்டோ என்ற ஆய்வாளரும் மியுரா என்ற சகாவும், கண்ணாடி மூடிக்குப் பதிலாக கிளிசரினில் ஊறிய செலோபேனைப் போட்டு மலத்தை அழுத்திப் பார்த்தார்கள். தடிமனான மலமும் கிளிசரினில் தெளிந்துவிடும், முட்டை தெரியும். பிரேசில்காரர் காட்ஸ் 1972இல் அதற்கு ஓர் அளவு சேர்த்தார்: நடுவில் துளையுள்ள சிறு அட்டை. துளை நிரம்பினால் 41.7 மில்லிகிராம். முட்டையை எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். மின்சாரம் இல்லாத ஊரிலும் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் இன்றும் பரிந்துரைப்பது இதைத்தான்.

அந்த ஆஸ்பத்திரியில் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் பழைய ஸ்லைடுகள் இருந்தன. கானாவிலிருந்து வந்த பெண் அதற்கு முன்னால் நின்றபோது, அவள் கைகள் தாமாகவே வேலையைத் தொடங்கின. இடது கையில் இல்லாத ஸ்லைடைப் பிடித்து, வலது கையால் இல்லாத சல்லடையில் சுரண்டி, துளையை நிரப்பி, அட்டையைத் தூக்கி, செலோபேனைப் போட்டு, கவிழ்த்து, மேஜைமேல் உள்ளங்கையால் அழுத்தி, சர்ரென்று பக்கவாட்டில் இழுத்து எடுத்தாள். செங்குத்தாகத் தூக்கினால் செலோபேன் பிய்ந்துவிடும். பக்கத்தில் நின்ற தான்சானியாக்காரர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார், நேரமாகிறது என்று. கொக்கிப்புழு முட்டையை அரைமணி நேரத்துக்குள் பார்த்துவிடவேண்டும், தாமதித்தால் கிளிசரினில் கரைந்து மறைந்துவிடும். இருவரும் சிரித்தார்கள். வேறு வேறு நாட்டு ஆய்வகங்களில் ஒரே நாற்றத்தைச் சகித்தவர்களின் சிரிப்பு அது. மற்றவர்களுக்குப் புரியவில்லை.

குனீயின் சங்க யோசனையும் கப்பல் ஏறியது. 1968இல் அவர் ஆரம்பித்த அமைப்பு, ஆசியாவின் கிராமங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டையும் புழு மருந்தையும் சேர்த்தே கொண்டுபோனது. கருத்தடை பற்றிப் பேச வந்தால் கதவு சாத்திக்கொள்ளும். பிள்ளையின் வயிற்றுப் புழுவை வெளியே எடுத்துக் காட்டினால் அம்மா உட்காரச் சொல்வாள். கொஞ்சம் தந்திரம்தான். ஆனால் இரண்டும் அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தன.

அரசாங்க அளவில் பெரிய அடி ர்யூதாரோ ஹஷிமோட்டோ எடுத்தது. பிரதமராக இருந்த அவர், 1997இல் டென்வரிலும் 1998 மே மாதம் பர்மிங்ஹாமிலும் கூடிய பணக்கார நாடுகளின் மாநாட்டில் புழுக்களைப் பற்றிப் பேசினார். ஆசியப் பொருளாதாரமே ஆட்டம் கண்டிருந்த நேரத்தில் வயிற்றுப் புழுவா என்று அங்கே எத்தனை பேர் மனதுக்குள் சிரித்தார்களோ. ஜூலையில் தேர்தலில் கட்சி தோற்று அவர் பதவி விலகினார். பேச்சு மட்டும் வீண்போகவில்லை. பாங்காக்கில், நைரோபியில், அக்ராவில் என்று மூன்று பயிற்சி மையங்கள் வந்தன. பக்கத்து நாடுகளின் ஆட்களுக்கு அங்கே பயிற்சி. பள்ளி வழியாகப் புழு மருந்து கொடுப்பது எப்படி என்பதே முக்கியப் பாடம். வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் ஜப்பானுக்குள்ளேயே ஒட்டுண்ணியியல் துறைகள் பேர் மாறியும் வேறு துறைகளோடு கரைந்தும் மறைந்துகொண்டிருந்தன. நோய் இல்லாத ஊரில் அதைப் படிக்க மாணவன் எங்கிருந்து வருவான்?

மருந்துக்கு வந்தால் கணக்கு இன்னும் பெரிது. கோஃபுவிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரத்தில் நிராசாகி. 1935இல் சதோஷி ஓமுரா பிறந்த ஊர். 1974இல் இட்டோ நகரத்துக் கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் அவர் அள்ளிய மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்துதான் ஐவர்மெக்டின் வந்தது. ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில் கண்ணைப் பறித்த புழுவுக்கு அதை 1987 முதல் மெர்க் நிறுவனம் இலவசமாகக் கொடுக்கிறது. ஓமுராவுக்கு 2015இல் நோபல் கிடைத்தது. தன் ஊருக்கு ஓவியக் கூடம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். யானைக்கால் நோய்க்கு ஈசாய் நிறுவனம் டிஇசி மாத்திரை தருகிறது. 220 கோடி மாத்திரை இலவசமாகத் தருவதாக வாக்குக் கொடுத்தது. அவற்றைச் செய்வது நமக்குப் பக்கத்தில், விசாகப்பட்டினத்து ஆலையில். ஜப்பானின் தெற்குத் தீவுகளிலும் யானைக்கால் இருந்தது. இரவில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, இதே மருந்தைக் கொடுத்து ஒழித்தார்கள். அந்தக் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்துக்கு வரும் என்பது யானைக்கால் கண்ட நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மாத்திரை, செலோபேன், பயிற்சி பெற்ற ஆள். மூன்றும் விமானம் ஏறும். 2,000 கிலோமீட்டர் வாய்க்கால் ஏறாது. பழத்துக்கு நல்ல விலை கொடுக்கும் டோக்கியோ சந்தை ஏறாது. இதை யாருடைய குற்றமாகவும் சொல்ல முடியாது. ஆனால் வெளிநாட்டு உதவி அறிக்கைகளில் மாத்திரை எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ‘மீட்டருக்கு எவ்வளவு’தான் காதில் விழுகிறது.

குழு வெளியே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வாய்க்கால் ஓடியது. முழங்கால் ஆழம் இருக்கும். மூன்று பக்கமும் கான்கிரீட், பழசாகிக் கறுத்தது. தண்ணீர் சளசளவென்று ஓடியது. உள்ளே ஒரு புல் இல்லை, ஒரு தவளை இல்லை. இந்த ஊர் ஒருகாலத்தில் மின்மினிக்குப் பேர்போனது என்றார் கிழவர். ரசாயனமும் சிமென்ட்டும் வந்தபின் மின்மினி போய்விட்டது. அவர் அதற்காக வருத்தப்பட்டாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. சின்ன வயதில் ஸ்டிப்னால் போட்டுக்கொண்ட அண்ணன் ஒருவர் தனக்கு இருந்ததாக மட்டும் சொன்னார். இறந்தகாலத்தில் சொன்னார்.

க்யூஷுவில், சிகுகோ ஆற்றங்கரையில், அதே நத்தையை முற்றாக அழித்துவிட்டு, அழித்த நத்தைகளின் ஆன்ம சாந்திக்காக ஒரு கல்லை நட்டு வைத்திருக்கிறார்கள். யமனாஷியில் கல் நட அவசியம் இல்லை. இங்கே நத்தை இன்னும் சில மூலைகளில் உயிரோடு இருக்கிறது. உள்ளே புழு மட்டும் இல்லை. நோய் முடிந்தது என்று அறிவித்த பிறகும் ஆட்கள் வந்து நத்தையைப் பிடித்து நசுக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

லெய்ட்டேக்காரர் இதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வாய்க்கால் ஓரம் குந்தி உட்கார்ந்து, அடியில் சேறு தங்கியிருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தார். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“சேறே இல்லையே. யார் சுத்தம் பண்றாங்க? அரசாங்கமா?”

“நாங்கதான்” என்றார் கிழவர். வசந்தத்தில், தண்ணீர் திறந்துவிடும் முன்னால், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தாகவேண்டும். நம்மூர்க் குடிமராமத்தேதான்.

“வரலன்னா?”

“காசு கட்டணும்.”

“எவ்வளவு?”

கிழவர் சொன்னார். குழு சிரித்தது, கிழவரும் சிரித்தார். லெய்ட்டேக்காரர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தத் தொகையைக் குறித்துக்கொண்டு, யார் வசூலிப்பது, கொடுக்காதவரை என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்விகளுக்குப் போனார்.